சக்கரத்துப் பொட்டு

தம்பி, சன்னலோரம் நீங்களே உக்காந்துக்குங்க, நமக்குக் காத்து வேண்டாமுங்க. நா பண்ணாரியில எறங்கிருவேன். மடியில வெச்சிருக்கீங்களே, அது சைக்கிள் ஓட்டறவங்க போடற தொப்பிதானுங்களே? பாத்ததும் கண்டுபுடிச்சுட்டேன். சைக்கிளு எங்கீங்க? பின்னால டிக்கியிலயா? அட, மைசூரு வரைக்கும் மிதிச்சே போலாம்னு கெளம்பி, சத்தியமங்கலத்துலயே கியரு ஒடிஞ்சு போச்சுங்களா? சரி, வெசனப்படாதீங்க. எந்தக் கண்ணு பட்டுச்சோ. கெளம்பறப்ப வண்டிக்குப் பூசை போட்டீங்களா? போடலியா? அங்கதான் தம்பி கோட்டை உட்டுட்டீங்க.

சிரிக்காதீங்க. நானும் இதே ரோட்டுல மைசூரு வரைக்கும் சைக்கிள்ல போயிட்டு வந்தவன்தான். என்னயப் பாத்தா நம்ப முடியலையாக்கும்? தொந்தியைப் பாக்காதீங்க, காலைப் பாருங்க. பொங்கல் கழிஞ்சு போனமுங்க. நானும் ஒரு பல் டாக்டரும். அந்தக் கதையைச் சொன்னா உங்களுக்கும் உபயோகப்படும். அடுத்த தடவை கெளம்பறப்ப வண்டிய எப்படிப் பாத்துக்கோணும்னு தெரிஞ்சுக்குவீங்க.

நமக்கு ஊரு காங்கயமுங்க. பேரு சென்னியப்பன். தேங்காயெண்ணெய் மில்லு வெச்சிருக்கறேன். ஒரே மக, நிவேதிதா. கோயமுத்தூர்ல வேலை. கூட வேலை செய்யற பையன் பிரணவு. ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிப் போட்டாங்க. பண்ணிப்போட்டு நம்மகிட்ட வந்து, "அப்பா, நீங்க மனசாரச் சரின்னாத்தான் கல்யாணம். இல்லீன்னா நா இப்படியே இருந்துக்கறேன்"னு சொல்லுது. இது சம்மதம் கேக்கறதா, மெரட்டறதா? நீங்களே சொல்லுங்க.

பையன் நல்ல பையன். சாதகமும் பொருந்திருச்சு. ஆனா நமக்கு ஒரு வழக்கமுங்க. கொப்பரை வாங்கறதுன்னாக்கூட மூட்டையைப் பாத்து வாங்க மாட்டேன். ஒண்ணை எடுத்து ஒடைச்சு, வாயில போட்டு மென்னு பாத்துத்தான் வெலை பேசுவேன். ஒத்தப் பொண்ணைக் குடுக்கற எடத்தை, ஒரு காப்பியக் குடிச்சுப் போட்டு, மிச்சருல நாலு முந்திரியப் பொறுக்கித் தின்னு போட்டு முடிவு பண்ணிரலாமுங்களா?

பையனோட அப்பா ஈரோட்டுல பல் டாக்டரு. பேரு தெய்வசிகாமணி. நாள் பூரா அடுத்தவங்களை வாயைத் தொறங்க, வாயைத் தொறங்கன்னு சொல்ற மனுசன், தன்ற வாயைத் தொறக்கவே மாட்டாரு. பொண்ணு பாக்க வந்தன்னைக்கு "தண்ணி நல்லா இருக்குதுங்க"ன்னு சொன்னதோட சரி. இந்த மனுசனை எப்படி மென்னு பாக்கறது? விசாரிச்சதுல, வருசா வருசம் சைக்கிள்ல எங்கியாச்சும் தூரமாப் போவாருன்னாங்க. இந்த வருசம் மைசூருன்னாங்க. போனைப் போட்டு, "நானும் வர்றனுங்க டாக்டர்"ன்னேன். லைன் கட்டாயிருச்சோன்னு போனைத் திருப்பித் திருப்பிப் பாத்தேன். பொறகு, "வாங்க"ன்னாரு.

என்ற வீட்டுக்காரிதான், "இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை"ன்னா. எதுக்கா? எளவட்டத்துல சைக்கிள் கேரியர்ல எண்ணெய் டின்னு கட்டிக்கிட்டு தாராபுரம் வரைக்கும் மிதிச்சவனுங்க நான். சைக்கிளைப் பத்தி எனக்கு இன்னொருத்தரு சொல்லித் தரோணுமா?

நிவேதிதாதான் புது சைக்கிள் வாங்கிக் குடுத்துது. நம்ம காலத்துச் சைக்கிளுக்கு ரிம்மைக் கவ்வற ரப்பர் பிரேக்கு. இதுல அப்படி இல்லீங்க. சக்கரத்து நடுவுல வட்டமா, பளபளன்னு ஒரு தகடு, டிபன் தட்டாட்டம். அதைக் கவ்வித்தான் வண்டி நிக்குமாம். டிஸ்க்குன்னாங்க. உங்களுக்குத் தெரியாததா? எனக்குப் பாத்ததுமே மனசு நெறைஞ்சு போச்சு. வண்டிக்கு மொகம்னு ஒண்ணு உண்டுன்னா அதுதான் மொகம். என்ன லட்சணம்! கெளம்பற அன்னைக்குக் காலையில குளிச்சுப் போட்டு, முன்னால ஒண்ணு பின்னால ஒண்ணு, ரெண்டு தகட்டுலயும் சுத்திச் சுத்திச் சந்தனத்தைக் கொழைச்சு வெச்சு, அதுக்கு மேல குங்குமம் வெச்சு, சூடம் காட்டி, டயருக்கடியில எலுமிச்சம்பழம் வெச்சு ஏத்தி, ஹேண்டில்பாருல பழமும் மொளகாயும் கோத்துக் கட்டி, செயினுக்கு நம்ம மில்லு எண்ணெய் ஒரு கரண்டி தாராளமா ஊத்தி…

என்ன தம்பி, இப்படி இருமறீங்க? தண்ணி இந்தாங்க. மெதுவாக் குடிங்க. பொரை ஏறிருச்சு போல. யாரோ நெனைக்கறாங்க.

பெருந்துறையில ஒரு டீக்கடை முன்னால டாக்டரு நின்னுக்கிட்டிருந்தாரு. நா கிட்டப் போயி பிரேக்கைப் புடிச்சேன். கிரீ…ச்சுன்னு ஒரு சத்தம் பாருங்க, டீக்கடையில இருந்தவங்க பூராத்துக்கும் கையில டீ கொட்டிருச்சு. வண்டி நிக்கலை. அவரு மேல போயி இடிச்சுத்தான் நின்னேன். சம்பந்தி மொறை பேசறதுக்கு முன்னாலயே கட்டிப் புடிச்சாச்சு!

அவரு எந்திரிச்சு, மண்ணைத் தட்டிக்கிட்டு, என்ற சக்கரத்தைப் பாத்தாரு. பொறகு என்ற மூஞ்சியைப் பாத்தாரு. வாயைத் தொறந்தாரு, மூடுனாரு. மறுக்காவும் தொறந்து, "அந்தத் தகட்டு மேல எதுவும் படாம இருந்தா நல்லதுங்க. பட்டா பிரேக்கு நிக்காதுங்க"ன்னாரு. அவரு அத்தனை பேசி நா கேட்டதே அன்னைக்குத்தான். நா உட்டனா? "எங்க மில்லுல செக்கு, மோட்டாரு, தராசு, அத்தனைக்கும் வெள்ளிக்கெழமை தவறாமப் பொட்டு வெக்கறனுங்க டாக்டர். இன்னைக்கு வரைக்கும் எதுவும் மக்கர் பண்ணுனதில்லை"ன்னேன். "சரிங்க"ன்னாரு. அவ்வளவுதான். அந்த "சரிங்க"வுல என்ன இருந்துச்சுன்னு எனக்கு அப்பத் தெரியலை.

கோபி தாண்டறதுக்குள்ள முன் சக்கரம் பஞ்சர். எறங்கிப் பாத்தா, எலுமிச்சம்பழம் கோத்த கம்பி அறுந்து உழுந்து டயருல ஏறியிருக்குது. டாக்டரு ரோட்டோரம் புளியமரத்தடியில குத்த வெச்சு, டியூப்பை உருவி, ஒட்டுப் போட்டு, காத்தடிச்சுக் குடுத்தாரு. அந்தக் கம்பியை மட்டும் ரெண்டு வெரல்ல புடிச்சு, புடுங்கின பல்லைக் காமிக்கற மாதிரி எனக்குக் காமிச்சாரு. "பாத்தீங்களா டாக்டர், நம்ம மேல வர வேண்டிய கண்ணு பூரா டியூபோட போயிருச்சு"ன்னேன். "ஆமாங்க"ன்னாரு.

செயினும் அப்படித்தான். சத்தி வர்றதுக்குள்ள அது ரோட்டு மண்ணை எல்லாம் இழுத்து அப்பிக்கிட்டு, கறுகறுன்னு எள்ளுருண்டை மாதிரி ஆயிருச்சு. மிதிச்சா வழுக்குது. நா ரோட்டைத்தான் திட்டுனேன். சத்தியில லாட்ஜு வாசல்ல டாக்டரு பழைய டூத் பிரஷ் ஒண்ணை எடுத்து, ஒவ்வொரு கண்ணியாத் தேச்சுத் தேச்சு எடுத்தாரு. பல் டாக்டரு புத்தி போகுமா? செயினுக்கும் பல்லு வெளக்கி உட்டாரு.

மறுநா காலையில பூசைக்குப் போறேன், சக்கரம் ரெண்டும் வெறும் நெத்தியோட நிக்குது. சந்தனமும் இல்லை, குங்குமமும் இல்லை. லாட்ஜுப் பையந்தான் கழுவி உட்டுட்டான்னு நெனைச்சு, அவனை நாலு வார்த்தை கேட்டுப் போட்டு, மறுக்காப் பொட்டு வெச்சுக் கெளம்புனேன். திம்பம் மலை ஏத்தம். ஏத்தத்துல பிரேக்கு எதுக்கு? பாதி தூரம் வண்டி மேல நானு, மீதி தூரம் என்ற மேல வண்டின்னு ஆசனூரு போய்ச் சேந்தமுங்க. அங்கயும் காலையில பாத்தா வெறும் நெத்தி. குரங்கு நக்கியிருக்கும்னு நெனைச்சேன். இன்னம் ரெண்டு வெரல் கூடச் சேத்து அப்புனேன். அன்னையிலிருந்து பிரேக்கு மோசத்துலயும் மோசம். கத்தறது மட்டும் நல்லாக் கத்துது, நிக்கறதுங்கற பேச்சில்லை. சாம்ராஜ் நகர்ல ஒரு எருமை மேல போயி நின்னேன். எருமைக்கு ஒண்ணுமில்லீங்க. அது திரும்பி ஒரு பார்வை பாத்துச்சு, அவ்வளவுதான்.

இருங்க தம்பி, என்ன சொல்ல வர்றீங்க? டிஸ்க்குல எண்ணெய்… இருங்க, இருங்க. மொதல்ல நா முடிச்சர்றேன். இனிமேத்தான் இருக்குது சமாச்சாரமே.

மைசூரு போயாச்சு. சாயங்காலம் சாமுண்டி கோயிலுக்குக் கெளம்பி டாக்டரைக் கூப்புட்டேன். "முட்டி வலிக்குதுங்க, நீங்க போயிட்டு வாங்க"ன்னாரு. சரின்னு பஸ் ஸ்டாப்பு வரைக்கும் போயிட்டேன். போன பொறகுதான் கண்ணாடியை மறந்துட்டது தெரியுது. திரும்பி வந்தனுங்க. லாட்ஜுப் பின்பக்கம் சைக்கிள் நிறுத்தின எடத்துல மனுசன் குத்த வெச்சு உக்காந்திருக்காரு. முட்டி வலின்னவரு! கையில பஞ்சு. பக்கத்துல ஸ்பிரிட்டு பாட்டிலு. பல்லைப் புடுங்கற எடத்துல தொடைப்பாங்க பாருங்க, அப்படி என்ற சக்கரத்துப் பொட்டைத் தொடைச்சுத் தொடைச்சு எடுக்கறாரு. பஞ்சு பூராச் செவச்செவன்னு இருக்குது.

தம்பி, நா அப்படியே செவுத்துக்குப் பின்னால ஒதுங்கி நின்னுட்டனுங்க. பொட்டழிக்கறதுன்னா என்னன்னு உங்களுக்குத் தெரியாதா? என்ற வீட்டுக்காரி நெத்தியில வேர்வைக்குக் கலைஞ்சாலே எனக்குத் தாங்காது. நா தெனமும் சாமியக் கும்புட்டு வெக்கறதை, இந்த மனுசன் தெனமும் ஒளிஞ்சிருந்து அழிச்சிருக்காரு. பேரு தெய்வசிகாமணி! பேருல தெய்வத்தை வெச்சுக்கிட்டு பண்ணற காரியமா இது? அப்பத்தான் எல்லாம் வெளங்குச்சு. நெத்தியில ஒரு துண்ணூறு உண்டா? இல்லை. பெருந்துறையில சொன்னாரே, தகட்டுல எதுவும் படக்கூடாதுன்னு, அதும் வெளங்குச்சு. இந்தச் சாமியில்லைங்கற ஆளுங்க நேராச் சொல்ல மாட்டாங்க தம்பி. விஞ்ஞானம்னுதான் ஆரம்பிப்பாங்க.

அவருக்குத் தெரியாம மேல ரூமுக்கு வந்துட்டேன். நிவேதிதா தெனமும் சாயங்காலம் போன் பண்ணும். "அப்பா, அவரு எப்படிப்பா? புடிச்சிருக்குதா?"ன்னு கேக்கும். நானும் "பாக்கலாம் கண்ணு"ன்னு சொல்லிக்கிட்டு வந்தேன். அன்னைக்கும் பண்ணுச்சு. "வேண்டாம் கண்ணு. அந்த வீடு நமக்கு ஆவாது"ன்னுட்டேன். "ஏம்ப்பா?"ன்னுது. "பொட்டழிக்கற வீட்டுக்கு என்ற பொண்ணை அனுப்ப மாட்டேன்"னேன். ஒண்ணும் புரியாம, "என்னப்பா சொல்றீங்க, என்னப்பா சொல்றீங்க"ன்னு கேட்டுக்கிட்டே இருந்துது. பொறகு அழுகை. காது குத்தறப்ப அழுதுதுங்க அது. அதுக்கப்பறம் என்ற பொண்ணு அழுது நா கேட்டதில்லை. போனை வெச்சுப் போட்டு, சோத்துல கை வெச்சா ஒரு வாய் எறங்கலை. ஆனாலும் மனசைக் கல்லாக்கிக்கிட்டேன். இன்னைக்கு அழுதாப் பரவாயில்லை, நாளைக்கு அங்க போயி அழுகக் கூடாதில்லீங்களா?

திரும்பி வர்ற வழியில டாக்டரு கிட்ட மூஞ்சி குடுத்துப் பேசலை. அவருக்கு அது வித்தியாசமாத் தெரிஞ்சுதோ இல்லையோ, ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். ஆசனூர்ல தங்குனோம். மறுநா காலையில திம்பம் எறக்கம். இருவத்தேழு கொண்டை ஊசி வளைவு. நா என்ன பண்ணுனேன் தெரியுமுங்களா? தலைக்குத் தேச்சுக்கக் கொண்டு போன நம்ம மில்லு எண்ணெய் சின்ன பாட்டில்ல இருந்துது. சந்தனத்தை உட்டுப் போட்டேன். குங்குமத்தை எண்ணெய்ல நல்லா கெட்டியாக் கொழைச்சு, ரெண்டு தகட்டுலயும் அப்பு அப்புன்னு அப்புனேன். எண்ணெய்க் குங்குமம் லேசுல போகாதுங்க. அழி பாக்கலாம், எத்தனை பஞ்சு வேண்டுமோ கொண்டா! அப்புடியே வண்டிக்குப் பக்கத்துல ஒரு கல்லு மேல காவலுக்கு உக்காந்துக்கிட்டேன்.

டாக்டரு கையில டீயோட வந்தாரு. சக்கரத்தைப் பாத்தாரு. மூஞ்சி வெளுத்துப் போச்சு.

"இன்னைக்கு எறக்கமுங்க"ன்னாரு.

"தெரியுமுங்க."

"ஒருக்காத் தொடைச்சுக்கறனுங்க. கீழ போனதும் நானே என்ற கையால மறுக்கா வெச்சு உடறேன்."

எப்படிப் பேசறாரு பாருங்க! "இத்தனை நாளும் தொடைச்சதெல்லாம் பத்தாதுங்களா?"ன்னு கேட்டுட்டேன். மனுசன் தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. "அதுல கை வெச்சீங்கன்னா, இத்தோட பேச்சு முடிஞ்சுதுங்க. உங்க பையன் யாரோ, என்ற பொண்ணு யாரோ"ன்னேன். டீ ஆறிப் போச்சு.

"அப்ப பஸ்ல ஏத்திக்கிட்டுப் போயிரலாமுங்க"ன்னாரு.

"ஏனுங்க? காங்கயத்துக்காரன் மலையைப் பாத்து பயந்து பஸ் ஏறிட்டான்னு ஈரோடு பூராச் சொல்றதுக்கா?"

மலையப் பாத்தாரு. பொறகு திரும்பி, "அப்படீன்னா வண்டிய மாத்திக்கலாமுங்க. உங்க வண்டிய ஓட்டிப் பாக்கோணும்னு எனக்கு ரொம்ப ஆசை"ன்னாரு.

எனக்குத் தெரியாதா? வளைவுல மறைஞ்சு நின்னு பொட்டை அழிக்கறதுக்குப் போடற திட்டம். நானும் லேசுப்பட்டவன் இல்லை. "மாத்திக்கலாம். ஆனா பொட்டுல கை வெக்கக் கூடாது. உங்க பையன் மேல சத்தியம் பண்ணுங்க"ன்னேன். அவரு கண்ணை மூடித் தொறந்தாரு. "பிரணவு மேல சத்தியமுங்க. கை வெக்க மாட்டேன்"னாரு. என்ற வண்டிய வாங்கிக்கிட்டாரு.

தம்பி, நீங்க எதுக்கு நெத்தியில கை வெச்சுக்கறீங்க? தலைவலிங்களா? இந்த ரோடு அப்படித்தான், குலுக்கிப் போடும்.

அவரு வண்டி ஓட்டறதுக்கு என்னா சொகமுங்கறீங்க! புடிச்சா நிக்குது, உட்டா பறக்குது. பழக்கமில்லாத வண்டியை நா எப்படி எறக்கறேன்னு அவரு பாக்கட்டும்னு முன்னால போயிட்டேன். வளைவு தாண்டி ஓரமா நின்னு திரும்பிப் பாத்தா, ஐயையோ, அந்தக் கூத்தைச் சொல்லி மாளாது. மனுசன் ரெண்டு காலையும் ரோட்டுல தேய்ச்சுக்கிட்டு வர்றாரு. வண்டி கத்துது. திடீர்னு மலைப்பக்கம் இருக்கற காவாய்க்குள்ள வண்டிய உட்டுச் சாயறாரு. எந்திரிக்கறாரு. சித்த தூரம் தள்ளறாரு. பின்னால லாரிக்காரன் ஹாரன் அடிக்கறான், தள்ளறதுக்கு எடமில்லை, மறுக்கா ஏறறாரு. வருசா வருசம் சைக்கிள்ல போறவருன்னாங்க! எனக்குச் சிரிப்புத் தாங்கலை. "டாக்டர், ஹேண்டில்பாரை நேராப் புடிங்க!"ன்னு மேல பாத்து ஒரு சத்தம் போட்டேன்.

அப்பத்தான் தம்பி, அந்த அதிசயம் நடந்துது. அடுத்த வளைவுல அவரு குரல் கேக்குது.

"முருகா!"

காதுல சரியா உழுகலையோன்னு நின்னேன். அடுத்த வளைவு. "முருகா! முருகா!" அதுக்கடுத்ததுல, "முருகா, காப்பாத்துடா சாமீ!" மலையே அதிருதுங்க. பேசாத மனுசன், பல்லைக் கடிச்சுக்கிட்டுச் "சரிங்க, ஆமாங்க"ன்னு மட்டும் சொல்ற மனுசன், வளைவுக்கு வளைவு தொண்டை கிழியக் கத்தறாரு. முருகன் ஆச்சு, "ஆத்தா பண்ணாரி"ன்னாரு, எனக்கே பேரு தெரியாத குலசாமியை எல்லாம் கூப்புட்டாரு. ஒரு எடத்துல லாரி ஒண்ணு எதுக்க வந்துது பாருங்க, அப்ப அவரு கூப்புட்ட கூப்புடு, கைலாசத்துல கேட்டிருக்கும்.

எனக்கு உடம்பு சிலுத்துப் போச்சு. சாமியில்லைன்ன வாயி! பொட்டழிச்ச கையி! என்ற வண்டியில ஏறி உக்காந்த ஒடனே எப்படி மாத்திருச்சு பாத்தீங்களா? இதைத்தான் தம்பி மொதல்ல சொன்னேன், வண்டிக்குப் பூசை போடுங்கன்னு. பூசை போட்ட வண்டிக்கு ஒரு சக்தி உண்டுங்க.

நா பண்ணாரிக்கு வந்து, எளநீ குடிச்சு, இன்னொண்ணையும் குடிச்சு முடிச்ச பொறகுதான் அவரு வந்து சேந்தாரு. பாக்கக் கண்றாவியா இருந்துது. பேண்ட்டு முட்டிக்குக் கிழிஞ்சு ரத்தம். ரெண்டு ஷூவுலயும் அடி அட்டையே இல்லை, வெரலு வெளிய தெரியுது. சட்டை பூரா செம்மண்ணு. வண்டிய அப்படியே தரையில சாய்ச்சாரு. என்னய ஒரு பார்வை பாத்தாரு. நேராக் கோயிலுக்குள்ள போயி, ஆத்தா முன்னால தடால்னு நெடுஞ்சாண்கெடையா உழுந்தாரு. உழுந்தவரு எந்திரிக்கவே இல்லீங்க. தோளு மட்டும் குலுங்குது. பூசாரி பயந்து போயிக் கிட்ட வந்து பாக்கறாரு.

எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு தம்பி. மறைக்கறதுக்கு என்ன இருக்குது? இந்த மனுசனைப் போயி என்னென்ன நெனைச்சுப் போட்டேன்! உள்ளுக்குள்ள இத்தனை பக்தியை வெச்சுக்கிட்டுத்தான் வாயைத் தொறக்காம இருந்திருக்காரு. மெதுவாக் கையைப் புடிச்சுத் தூக்கி, வெளிய மரத்தடிக்குக் கூட்டிக்கிட்டு வந்து, ஒரு எளநியைச் சீவிக் கையில குடுத்தேன். குடிச்ச வேகத்துல பாதி சட்டையிலதான் போச்சு.

"பயந்துட்டீங்களா டாக்டர்?"ன்னேன்.

"பயந்துட்டனுங்க"ன்னாரு.

"பொறகு எதுக்குங்க அடம் புடிச்சு என்ற வண்டிய வாங்குனீங்க? பேசாம உங்க வண்டியிலயே வந்திருக்கலாமில்லீங்களா?"

மனுசன் எளநியைக் கீழ வெச்சாரு. பொறகு மெதுவாச் சொன்னாரு.

"கல்யாணத்தன்னைக்குப் பொண்ணைத் தாரை வாத்துக் குடுக்க அப்பன் வேணுமில்லீங்களா."

எப்படிப் பேச்சு! ஊரு ஒலகத்துல பொண்ணு கேக்கறவங்க தட்டுல பழம் வெச்சுக் கேப்பாங்க. இவரு மலையெறங்கி வந்து, முட்டியில ரத்தத்தோட, மூச்சு வாங்கறப்பக்கூட கல்யாணத்தைத்தான் பேசறாரு. என்ற பொண்ணு மேல எத்தனை ஆசை இருந்தா அந்த நேரத்துல அந்த வார்த்தை வரும்? அப்பவே ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டு, "சம்பந்தி"ன்னுட்டேன். அங்கியே நின்னுக்கிட்டு நிவேதிதாவைக் கூப்புட்டேன். "கண்ணு, சரிங்கறேன். மனசாரச் சரிங்கறேன்"னேன். மறுக்காவும் அழுதுது. இந்தத் தடவை கேக்கக் கேக்க இனிப்பா இருந்துது.

வைகாசியில கல்யாணமுங்க. இன்னைக்கு ரெண்டு வீடும் சேந்து ஆத்தாளுக்குப் பொங்கல் வெக்கறோம். வீட்டுக்காரியும் புள்ளையும் காலையிலயே கார்ல வந்துட்டாங்க. மில்லுல ஒரு சோலி, அதான் நா பஸ்ல வர்றேன். சம்பந்திகிட்ட, அடுத்த வருசம் கொடைக்கானலுக்குப் போலாம், வண்டி பூசையெல்லாம் என்ற பொறுப்புன்னு சொல்லியிருக்கறேன். இன்னும் பதில் சொல்லலை. கூச்ச சுபாவமுங்க.

இந்தா, வந்துருச்சு பண்ணாரி. கண்டக்டர், எறங்கோணும்! அதோ பாருங்க தம்பி, ஆர்ச்சுக்குப் பக்கத்துல வேட்டி கட்டிக்கிட்டு, காலைச் சாய்ச்சுச் சாய்ச்சு நடந்து வர்றாரே, அவருதான். என்னயக் கூட்டிக்கிட்டுப் போக வந்திருக்காரு. முட்டி இன்னும் சரியாகலை, பாவம்.

ஏனுங்க தம்பி, நீங்க எதுக்கு எந்திரிக்கறீங்க? மைசூரு இன்னும் எங்கியோ கெடக்குது. அட, சன்னல் வழியா அவரைப் பாத்து எதுக்குங்க ரெண்டு கையையும் தூக்கிக் கும்புடறீங்க?

ஓ, நீங்களும் அவருகிட்டத்தான் பல்லு புடுங்குனீங்களா?